புள்ளியாகத் தெரியும் கேலக்ஸிக்குள் கருந்துளை இருப்பதை எப்படிச் சொல்கிறார்கள்?

கேள்வி இது: "1300 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கேலக்ஸியில் கருந்துளையைக் கண்டுபிடித்துவிட்டார்கள், அதன் நிறை இத்தனை கோடி சூரியன்கள் என்று அடிக்கடி செய்தி வருகிறது. படத்தைப் பார்த்தால் மங்கலான ஒரு சிவப்புப் புள்ளிதான் தெரிகிறது. இதை உண்மையிலேயே அளக்கிறார்களா, ஊகிக்கிறார்களா? அந்தத் தரவை ஒரு கல்லூரி மாணவர் பார்க்க முடியுமா?"

இதில் அளவீடும் இருக்கிறது, ஊகமும் இருக்கிறது. எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துகொண்டால் இந்தச் செய்திகளைப் படிப்பது எளிதாகிவிடும். கருந்துளை அங்கே இருக்கிறது என்பதற்கான ஆதாரம் பல கேலக்ஸிகளில் மிக உறுதியானது. அதன் நிறை என்று சொல்லப்படும் எண் அந்த அளவுக்கு உறுதியானதில்லை. அது சில சமயம் பத்து மடங்குகூட மாறலாம். செய்திகள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால், எல்லாமே ஒரே தரத்தில் நிரூபிக்கப்பட்டது போலத் தோன்றிவிடுகிறது.

முதலில், படம் ஏன் போதாது என்று பார்ப்போம். செம்பெயர்ச்சி 6 என்றால், கிளம்பியபோது இருந்ததைவிட ஒளியின் அலைநீளம் நம்மிடம் வந்து சேரும்போது 7 மடங்கு நீண்டிருக்கிறது என்று பொருள். அந்த ஒளி கிளம்பியபோது பிரபஞ்சத்தின் வயது சுமார் 93 கோடி ஆண்டு. இன்றைய வயது 1380 கோடி. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் ஆடி 6.5 மீட்டர் அகலம். அவ்வளவு பெரிய ஆடி இருந்தும், அந்தத் தொலைவில் அது பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய பகுதிகூட ஆயிரம் ஒளியாண்டு என்ற கணக்கில் அகலமாக இருக்கும். கருந்துளையை வாயு அதிவேகமாகச் சுற்றிவரும் பகுதியோ சில ஒளிநாள் முதல் சில ஒளிமாதம் வரைதான். தேவையான நுணுக்கத்துக்கும் கையில் இருக்கும் நுணுக்கத்துக்கும் இடையே பல்லாயிரம் மடங்கு இடைவெளி. நிறத்தை நம்பவும் முடியாது. தூசு மூடிய, நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் கேலக்ஸியும் சிவப்பாகத்தான் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எதையும் விழுங்காமல் சும்மா இருக்கும் கருந்துளையை அந்தத் தொலைவில் பார்க்க வழியே இல்லை. நமக்குத் தெரிபவை எல்லாம் செயல்பாட்டில் இருப்பவை. அதாவது வாயு உள்ளே விழுந்துகொண்டிருக்கிறது, விழும் வழியில் ஒரு வட்டாகச் சுழன்று சூடேறுகிறது, அந்தச் சூட்டில் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் கிளம்பிச் சுற்றியுள்ள வாயுவை ஒளிர வைக்கின்றன. நாம் படிப்பது அந்த வாயுவின் ஒளியைத்தான்.

அந்த ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துப் பார்த்தால் கிடைப்பது நிறமாலை. ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளங்களில் அதில் கோடுகளைப் பதிக்கும். கருந்துளை ஆராய்ச்சி என்று இன்று நாம் சொல்வதன் பெரும்பகுதி, ஒரு நிறமாலையிலிருந்துதான் தொடங்கியது. 1962-இல் 3சி 273 என்ற ரேடியோ மூலத்தை நிலா மறைத்துக் கடந்தபோது, ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கி அதன் இடத்தைத் துல்லியமாகக் குறித்தது. அங்கே ஒரு சாதாரண நட்சத்திரம் போன்ற பொருள் தெரிந்தது. மார்ட்டன் ஷ்மிட் பாலோமர் மலையில் இருந்த 200 அங்குலத் தொலைநோக்கியால் அதன் நிறமாலையை எடுத்தார். அதில் அகலமான கோடுகள் இருந்தன. ஆனால் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் அவை பொருந்தவில்லை. 1963-இல் அவருக்குப் பிடிபட்டது: அவை நமக்கு நன்றாகத் தெரிந்த ஹைட்ரஜன் கோடுகளே, சுமார் 16 விழுக்காடு சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கின்றன. அப்படியானால் அந்த "நட்சத்திரம்" 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது, ஒரு முழுக் கேலக்ஸியை விடவும் பிரகாசமாக எரிகிறது. குவேசார்கள் அப்படித்தான் அடையாளம் தெரிந்தன. இன்று நடப்பதும் அதே வேலைதான், கோடுகள் மட்டும் இன்னும் மிகத் தொலைவுக்கு நகர்ந்துவிட்டன.

எவ்வளவு நகர்ந்தன என்பதில்தான் ஜேம்ஸ் வெப்பின் முக்கியத்துவம் இருக்கிறது. ஹைட்ரஜனின் மிக வலுவான கோடுகளில் ஒன்று ஹெச்-ஆல்ஃபா. அதன் இயல்பான இடம் 656.3 நானோமீட்டர், அதாவது கண்ணுக்குத் தெரியும் சிவப்பு. செம்பெயர்ச்சி 6-இல் அது 4.6 மைக்ரானுக்குப் போய்விடுகிறது (ஒரு மைக்ரான் என்பது 1000 நானோமீட்டர்). தரையில் இருக்கும் தொலைநோக்கிகளுக்கு 2.4 மைக்ரானைத் தாண்டினால் வளிமண்டலமும் தொலைநோக்கியும் தாமே வெப்பத்தில் ஒளிர்ந்து எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். ஆக, தரையிலிருந்து ஹெச்-ஆல்ஃபாவைச் செம்பெயர்ச்சி 2.6 வரைதான் வசதியாகப் பார்க்க முடிந்தது. அதற்கு அப்பால் இருந்த குவேசார்களில் மெக்னீசியம், கார்பன் ஆகியவற்றின் புற ஊதாக் கோடுகளை வைத்துத்தான் சமாளித்தார்கள். அதுவும் மிகப் பிரகாசமான ராட்சதர்களுக்கு மட்டும். 2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்டு 2022 கோடையில் வேலையைத் தொடங்கிய ஜேம்ஸ் வெப்பின் நிர்ஸ்பெக் கருவி 0.6 முதல் 5.3 மைக்ரான் வரை பார்க்கிறது. ஹெச்-ஆல்ஃபாவைச் செம்பெயர்ச்சி 7 வரைக்கும், அதே ஹைட்ரஜனின் ஹெச்-பீட்டா கோட்டை 9-ஐத் தாண்டியும் இப்போது பிடிக்கலாம். சாதாரண அளவுள்ள, மங்கலான கருந்துளைகள் திடீரென்று நூற்றுக்கணக்கில் வெளிவந்ததற்கு இதுதான் காரணம்.

நிர்ஸ்பெக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல ஆசை. அதற்குள் சுமார் இரண்டரை லட்சம் நுண் கதவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வானில் 0.2 க்கு 0.46 ஆர்க்செகண்ட் அளவு (ஒரு ஆர்க்செகண்ட் என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு). எந்தக் கேலக்ஸிகளைப் படிக்க வேண்டுமோ அவற்றுக்கு நேரான கதவுகளை மட்டும் திறந்து, மற்றவற்றை மூடி, ஒரே சமயத்தில் நூறுக்கும் மேற்பட்ட நிறமாலைகளை எடுக்கிறார்கள். கருவி ஐரோப்பிய விண்வெளி முகமையுடையது. கதவு அமைப்பைச் செய்தது நாசா. இதில் ஒரு சங்கடம் உண்டு. எதைத் திறப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும், அதற்கு முதலில் படம் வேண்டும். படத்தில் வித்தியாசமாகத் தெரியாத கருந்துளைக்குக் கதவு திறக்கப்படாமலே போகலாம். கதவே இல்லாமல் பார்வைக்குள் வரும் எல்லாவற்றின் நிறமாலையையும் மொத்தமாக எடுக்கும் முறை ஜேம்ஸ் வெப்பின் நிர்கேம் கேமராவில் இருக்கிறது. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழப்பும், பின்னணி வெளிச்சமும் அதிகம். ஆனாலும் யாரும் தேர்ந்தெடுக்காத பொருட்களும் அதில் மாட்டும். யோரிட் மத்தே தலைமையிலான குழு 20 அகலக்கோட்டுப் பொருட்களை, அதாவது ஹைட்ரஜன் கோடு வழக்கத்தைவிட அகலமாக இருப்பவற்றை, பிடித்தது இந்த வழியில்தான். "சின்னச் சிவப்புப் புள்ளிகள்" என்ற பெயர் அந்த ஆய்விலிருந்து பரவியது.

சரி, கோட்டைப் பிடித்தாகிவிட்டது. அதில் கருந்துளை எங்கே தெரிகிறது? கோட்டின் அகலத்தில்.

அசையாமல் நிற்கும் வாயு ஒரு மெல்லிய கோட்டைத்தான் தரும். வாயு நம்மை நோக்கி வந்தால் கோடு நீலப் பக்கம் நகரும், விலகிப் போனால் சிவப்புப் பக்கம் நகரும். ஒரு மையத்தைச் சுற்றிச் சுழலும் வாயுவில் பாதி வரும், பாதி போகும். தொலைவிலிருந்து எல்லாம் கலந்து வருவதால் கோடு இருபுறமும் விரிந்து மேடு போலாகிவிடும். வேகம் கூடினால் மேடு அகலும். ஒரு சாதாரணக் கேலக்ஸியில் நட்சத்திரங்களுக்கு இடையே இருக்கும் வாயுவின் வேகம் விநாடிக்கு நூறு, இருநூறு கிலோமீட்டர் என்ற கணக்கில் இருக்கும். கருந்துளைக்கு மிக அருகில் சுற்றும் வாயுவுக்கு அது ஆயிரம் முதல் சில ஆயிரம் கிலோமீட்டர். 2000 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒளிவேகத்தில் 0.67 விழுக்காடு, ஹெச்-ஆல்ஃபா கோடு சுமார் 4.4 நானோமீட்டர் விரியும். செம்பெயர்ச்சி 5.5-இல் இருக்கும் பொருளில் அந்த விரிவும் நீண்டு ஏறத்தாழ 28 நானோமீட்டராக நம்மிடம் வரும். நல்ல நிறமாலைமானிக்கு இது கஷ்டமே இல்லாத அளவு.

"வேகமான வாயு இருந்தால் உடனே கருந்துளைதானா?" என்று கேட்க வேண்டும். வேகமான வாயு வேறு வழிகளிலும் வரும். வெடித்த நட்சத்திரம் வாயுவை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் எறியும். கேலக்ஸி முழுவதிலிருந்தும் பெருங்காற்றாக வாயு வெளியேறலாம். இரண்டு கேலக்ஸிகள் மோதிக்கொண்டிருந்தாலும் கோடு அகலமாகத் தெரியும். இவற்றை விலக்குவதற்கு ஆக்சிஜன் மிக அழகாகக் கைகொடுக்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வாதம் இதுதான்.

இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் 500.7 நானோமீட்டரில் ஒரு வலுவான கோட்டைத் தரும். ஆனால் அந்த அணு ஒளியை விடுவதற்கு நிதானமாக நேரம் எடுத்துக்கொள்ளும். அடர்த்தி குறைந்த இடத்தில் அதற்கு அந்த நேரம் கிடைக்கும். ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஏழு லட்சம் எலக்ட்ரான்களுக்கு மேல் போனால், ஒளி விடும் முன்பே வேறொரு எலக்ட்ரான் வந்து மோதி அந்த ஆற்றலைப் பறித்துக்கொள்ளும், கோடு மங்கிவிடும். கருந்துளைக்கு அருகில் இருக்கும் வாயுவின் அடர்த்தியோ நூறு கோடிக்கும் மேல். ஆகவே அங்கிருந்து அகலமான ஹைட்ரஜன் கோடு வரும், அகலமான ஆக்சிஜன் கோடு வரவே வராது. மாறாக, கேலக்ஸி அளவிலான காற்றும் மோதலும் அடர்த்தி குறைந்த வாயுவில் நடப்பவை. அவற்றில் ஹைட்ரஜன், ஆக்சிஜன் இரண்டும் சேர்ந்தே அகலும். எனவே ஒரே நிறமாலையில் ஹெச்-ஆல்ஃபா அகலமாகவும் ஆக்சிஜன் கோடு ஒல்லியாகவும் இருந்தால், வேகமான வாயு மிக அடர்த்தியான, மிகச் சிறிய இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. வெடித்த நட்சத்திரம் மட்டும் மிச்சம். அது சில மாதங்களில், ஆண்டுகளில் மங்கிவிடும். மீண்டும் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்தச் சோதனைகளை எல்லாம் தாண்டிய ஒரு பொருளைக் "கருந்துளை" என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். நெருக்கமான அலைநீளங்களை எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துக் காட்டுகிறது என்பதே பிரிதிறன். நிர்ஸ்பெக்கில் பட்டகம், நடுத்தரப் பிரிதிறன், உயர் பிரிதிறன் என்று மூன்று வகை உண்டு. பட்டகம் மங்கலானவற்றுக்கு மிக நல்லது. ஆனால் அதன் பிரிதிறன் குறைவு, சிவப்பு முனையில்கூடச் சுமார் 300-தான். 1000 கிலோமீட்டருக்குக் குறைந்த வேக வித்தியாசம் அதில் கரைந்துபோகும். பட்டகத்தில் மட்டும் எடுத்த நிறமாலையில் அவ்வளவாக அகலமில்லாத ஒரு அகலக்கோடு இருப்பதாக யாராவது சொன்னால் நான் கொஞ்சம் பொறுத்திருப்பேன்.

அடுத்தது நிறை. இங்கேதான் கடன் வாங்கிய விதிகள் உள்ளே வருகின்றன. ஒரு பொருளைச் சுற்றும் வாயுவின் வேகமும், அது எவ்வளவு தூரத்தில் சுற்றுகிறது என்பதும் தெரிந்தால் மையத்தின் நிறை வந்துவிடும்: தூரத்தை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி ஈர்ப்பு மாறிலியால் வகுக்க வேண்டும். வேகம் கோட்டின் அகலத்திலிருந்து கிடைக்கிறது. தூரம்? அதை நேரடியாகப் பார்க்க முடியாது என்று முன்பே சொன்னேன். அருகில் உள்ள கேலக்ஸிகளில் இதற்கு ஒரு அருமையான வழி வைத்திருக்கிறார்கள். மையத்தின் வெளிச்சம் திடீரென்று கூடினால், சுற்றியுள்ள வாயுவின் கோடுகள் சில நாள் அல்லது வாரம் கழித்துத்தான் கூடும். அந்தத் தாமதம் ஒளி அங்கே போய்ச் சேர எடுத்த நேரம், அதுவே தூரம். இப்படிப் பல கேலக்ஸிகளை ஆண்டுக்கணக்கில் கவனித்து ஒரு விதி எடுத்தார்கள்: மையம் எவ்வளவு பிரகாசமோ, தூரம் ஏறத்தாழ அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும். தொலைதூரக் கேலக்ஸிகளில் இந்த விதியைத்தான் அப்படியே பயன்படுத்துகிறார்கள். பிரகாசத்தை அளந்து, அதிலிருந்து தூரத்தை எடுத்து, கோட்டின் அகலத்தோடு சேர்த்து நிறையைச் சொல்கிறார்கள். ஒரே ஒரு நிறமாலை போதும்.

விதி நம்பகமானதுதானா? அருகில் இருக்கும் பொருட்களில், ஆமாம். சிலியில் உள்ள கிராவிட்டி என்ற கருவி நான்கு 8 மீட்டர் தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றிணைத்து, 2018-இல் அதே 3சி 273-இன் அகலக்கோட்டுப் பகுதியைப் பிரித்தே பார்த்தது. அது சுழல்வதும் தெரிந்தது, ஆரம் ஏறத்தாழ 150 ஒளிநாள் என்றும் வந்தது. ஷ்மிட்டின் புகைப்படத் தட்டில் தெரிந்த அகலமான கோடுகளுக்குப் பின்னால் இருந்த வாயுவை, 55 ஆண்டு கழித்துக் கிட்டத்தட்ட நேரில் பார்த்ததற்குச் சமம். 2024-இல் அந்தக் கருவியின் மேம்பட்ட வடிவம் செம்பெயர்ச்சி 2.3-இல் உள்ள ஒரு குவேசாரிலும் இதைச் செய்து, சுமார் 32 கோடி சூரிய நிறை என்று அளந்தது.

ஆனால் செம்பெயர்ச்சி 5, 6, 7-இல் இருக்கும் சின்னச் சிவப்புப் புள்ளிகள் அருகில் இருக்கும் குவேசார்களைப் போலவே இல்லை. பிரச்சினை அங்கேதான். அவற்றின் நிறமாலை ஆங்கில 'வி' எழுத்து போல, புற ஊதாவில் நீலமாகவும் அதற்கப்பால் சிவப்பாகவும் வளைந்திருக்கிறது. எக்ஸ் கதிர் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. எக்ஸ் கதிரைப் பார்க்கும் சந்திரா விண்வெளித் தொலைநோக்கியின் ஆழமான தரவுகளில் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிப் பார்த்தும் எதிர்பார்த்த அளவு வரவில்லை. பலவற்றில் ஹைட்ரஜன் கோட்டுக்கு நடுவிலேயே ஒரு பள்ளம், அதாவது உட்கவர் கோடு, இருக்கிறது. மிக அடர்த்தியான ஹைட்ரஜன் எதிரே நின்றால்தான் இந்தக் கோட்டில் அப்படிப் பள்ளம் விழும்.

"கிளிஃப்" என்று பெயர் வைத்திருக்கும் ஒரு பொருள் செம்பெயர்ச்சி 3.55-இல் இருக்கிறது. அதன் நிறமாலையில் 364.6 நானோமீட்டருக்கு அருகே வெளிச்சம் செங்குத்தாக எழும்புகிறது. நட்சத்திரக் கூட்டத்திலும் அந்த இடத்தில் ஒரு ஏற்றம் இருக்கும், ஆனால் எந்த நட்சத்திரக் கலவையைப் போட்டாலும் இவ்வளவு செங்குத்தாக வராது. 2025-இல் இதை விவரித்தவர்கள் முன்வைத்த விளக்கம்: கருந்துளையை அடர்ந்த வாயு உறை ஒன்று எல்லாப் பக்கமும் சூழ்ந்திருக்கிறது, அந்த உறையின் வெளிப்பரப்பு ஒரு நட்சத்திரத்தின் வளிமண்டலம் போல நடந்துகொள்கிறது. "கருந்துளை நட்சத்திரம்" என்று இதைச் சொல்கிறார்கள். எனக்கு இந்தப் படம் பெரும்பாலும் சரி என்றே தோன்றுகிறது. எக்ஸ் கதிர் இல்லாததையும், பள்ளத்தையும், செங்குத்து ஏற்றத்தையும் ஒரே அடியில் விளக்கும் வேறொன்று இதுவரை வரவில்லை.

அப்படியானால் நிறைக் கணக்குக்கு என்ன ஆகும்? அடர்ந்த உறைக்குள்ளிருந்து வெளிவரும் ஒளி, வழியில் எலக்ட்ரான்களில் பட்டுப் பட்டுச் சிதறும். ஒவ்வொரு சிதறலிலும் அலைநீளம் கொஞ்சம் மாறும். வாயு மெதுவாகச் சுழன்றால்கூட வெளியே வரும்போது கோடு அகலமாகத் தெரியும். சில பொருட்களின் கோட்டு வடிவம் இந்தச் சிதறலுக்குப் பொருந்துகிறது, எனவே உண்மையான நிறை 10 முதல் 100 மடங்கு வரை குறைவாக இருக்கலாம் என்று ஒரு குழு வாதிட்டது. நிறை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதை நினைவில் வைத்தால் இதன் தீவிரம் புரியும்: வேகத்தை மூன்று மடங்கு அதிகமாக எடுத்துக்கொண்டால் நிறை ஒன்பது மடங்கு பெருகிவிடும்.

இந்தச் சர்ச்சையில் மிக முக்கியமான சாட்சி ஏபெல்2744-கியூஎஸ்ஓ1 என்ற பொருள். செம்பெயர்ச்சி 7.04, பிரபஞ்சம் பிறந்து சுமார் 75 கோடி ஆண்டு ஆனபோது கிளம்பிய ஒளி. நமக்கும் அதற்கும் இடையே ஏபெல் 2744 என்ற கேலக்ஸிக் கொத்து நிற்கிறது. அதன் ஈர்ப்பு ஒளியை வளைத்து இந்த ஒரே பொருளை வானில் மூன்று இடங்களில், பெரிதாக்கிக் காட்டுகிறது. இவ்வளவு பெரிதாக்கியும் அது புள்ளிதான். ஆரம் 30 பார்செக்குக்கு, அதாவது சுமார் 100 ஒளியாண்டுக்குக் குறைவு. 2024-இல் லூக்காஸ் ஃபுர்டாக் முதலியோர் கோட்டின் அகலம் விநாடிக்குச் சுமார் 2800 கிலோமீட்டர் என்று அளந்து, வழக்கமான விதிப்படி 4 கோடி சூரிய நிறை என்றார்கள். அப்புறம் 2025-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த குழு ஒன்று உயர் பிரிதிறனில் வேறொரு வேலை செய்தது. அகலக்கோட்டை விட்டுவிட்டு, வெளியே இருக்கும் ஒல்லியான ஹெச்-ஆல்ஃபா வாயு மையத்திலிருந்து விலக விலக எப்படி வேகம் குறைகிறது என்று பார்த்தார்கள். கோள்கள் சூரியனைச் சுற்றும்போது தூரம் கூடக் கூட வேகம் குறைவது போலவே குறைந்தது. அதிலிருந்து வந்த நிறை சுமார் 5 கோடி சூரியன்கள். கடன் வாங்கிய விதி எதுவும் இந்தக் கணக்கில் இல்லை.

இரண்டு வழியிலும் ஏறத்தாழ ஒரே எண். இந்தப் பொருளில் பழைய விதி தப்பவில்லை என்றுதான் இதற்கு அர்த்தம். அதனால் சிதறல் வாதம் மொத்தமாக விழுந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு பொருளை வைத்து எல்லாப் புள்ளிகளுக்கும் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் "எல்லா நிறைகளையும் நூறால் வகுத்துவிடலாம்" என்று எளிதாகச் சொல்லிவிடவும் இனி முடியாது. இன்னும் அதிர்ச்சியானது வேறு. அந்தக் கேலக்ஸியில் இருக்கும் எல்லா நட்சத்திரங்களையும் சேர்த்தாலும் கருந்துளையின் நிறைக்குச் சமமாக வரவில்லை. நம் பால்வெளியில் மையக் கருந்துளை 43 லட்சம் சூரிய நிறை. நட்சத்திரங்களோ பல ஆயிரம் கோடி. அருகில் உள்ள கேலக்ஸிகளில் கருந்துளை பொதுவாக நட்சத்திர நிறையில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் இருக்கும். இங்கே அந்தக் கணக்கு தலைகீழ்.

இன்னும் தொலைவுக்குப் போனால் ஹைட்ரஜன் கோடுகளே கைவிட்டுவிடும். ஜிஎன்-இசட்11 என்ற கேலக்ஸியின் செம்பெயர்ச்சி 10.6. அதில் ஹெச்-பீட்டாகூட 5.6 மைக்ரானுக்குப் போய், நிர்ஸ்பெக்கின் எல்லையைத் தாண்டிவிட்டது. ரொபெர்டோ மயோலினோவின் குழு புற ஊதாக் கோடுகளை வைத்து வாதத்தைக் கட்டியது. நைட்ரஜன் கோடுகளின் விகிதம் மிக மிக அடர்த்தியான வாயுவைக் காட்டியது. நியான் அணுவிலிருந்து மூன்று எலக்ட்ரான்களைப் பிடுங்கினால்தான் வரும் கோடும் தென்பட்டது. அந்த மூன்றாவது எலக்ட்ரானைப் பிடுங்க 63 எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் ஆற்றல் வேண்டும். சாதாரண நட்சத்திரங்கள் அவ்வளவு கடுமையான கதிரைப் போதிய அளவில் தருவதில்லை. நிறை சுமார் 16 லட்சம் சூரியன்கள் என்று 2024-இல் வெளியிட்டார்கள். கருந்துளை இருக்கிறது என்பதை ஏற்கலாம் என்றே நினைக்கிறேன், ஆனால் நான் மேலே விவரித்த ஹைட்ரஜன்-ஆக்சிஜன் ஒப்பீடு தரும் உறுதி இதில் இல்லை. கேப்பர்ஸ்-எல்ஆர்டி-இசட்9 என்ற பொருளில் அந்த உறுதி கூடுதல்: செம்பெயர்ச்சி 9.288-இல் ஹெச்-பீட்டா சரியாக 5 மைக்ரானில், கருவியின் எல்லைக்குள் விழுகிறது, அது அகலமாகவும் இருக்கிறது.

பாடப்புத்தகத்தில் படித்தவர்கள் கோட்டு விகித வரைபடத்தைப் பற்றிக் கேட்பார்கள். 1981-இல் பால்ட்வின், ஃபிலிப்ஸ், டெர்லெவிச் மூவரும் கொடுத்தது. நைட்ரஜன், ஆக்சிஜன் கோடுகளுக்கும் ஹைட்ரஜன் கோடுகளுக்கும் உள்ள விகிதங்களை வைத்து, ஒளி நட்சத்திரங்களால் வருகிறதா கருந்துளையால் வருகிறதா என்று பிரிக்கும் முறை. அருகில் நன்றாக வேலை செய்யும். ஆரம்பகாலக் கேலக்ஸிகளில் கன தனிமங்கள் மிகக் குறைவு என்பதால் நைட்ரஜன் கோடு மெலிந்து, இரண்டு வகையும் ஒரே இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. அங்கே அதை நம்ப வேண்டாம்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு? கருந்துளை வளர்வதற்கு ஒரு வேகத் தடை இருக்கிறது. விழும் வாயுவின் ஒளியே மேலும் விழ வரும் வாயுவைத் தள்ளும். அந்த வரம்பில் முழு வேகத்தில் வளர்ந்தாலும் நிறை இரட்டிப்பாக ஏறத்தாழ மூன்று, மூன்றரைக் கோடி ஆண்டு ஆகும். செம்பெயர்ச்சி 7.64-இல் உள்ள ஜே0313-1806 என்ற குவேசாரின் நிறை 160 கோடி சூரியன்கள். அப்போது பிரபஞ்சத்தின் வயது 67 கோடி ஆண்டுதான். ஒரு பெரிய நட்சத்திரம் இறந்து விட்டுச்சென்ற 100 சூரிய நிறைக் கருந்துளையிலிருந்து தொடங்கினால் 24 முறை இரட்டிக்க வேண்டும். அதற்கே குறைந்தது 72 கோடி ஆண்டு ஆகிவிடும். ஒரு நாள்கூட ஓயாமல் தின்றாலும் கணக்கு இடிக்கிறது. ஒன்று, பெரிய வாயு மேகம் நட்சத்திரமாகாமல் நேரடியாகச் சரிந்து பத்தாயிரம், லட்சம் சூரிய நிறையோடு பிறந்திருக்க வேண்டும். அல்லது வேகத் தடையை மீறி வளர்ந்திருக்க வேண்டும். நட்சத்திரங்களைவிட அதிக எடையுள்ள கியூஎஸ்ஓ1 முதல் வழிக்குச் சாதகமாகப் பேசுகிறது. அடர்ந்த வாயு உறைகள் இரண்டாவது வழிக்கும் இடம் கொடுக்கின்றன. இரண்டுமே நடந்திருக்கலாம்.

இந்த நிறை விகிதங்களைப் படிக்கும்போது ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. இவ்வளவு தொலைவில் பிரகாசமானவை மட்டுமே கண்ணில் படும், பிரகாசமானவை பெரும்பாலும் கனமானவை. அதே கேலக்ஸி வகையில் சிறிய கருந்துளையோடு இருப்பவை நம் கணக்கில் வராமலே போயிருக்கும். "ஆரம்பத்தில் எல்லாக் கருந்துளைகளும் அளவுக்கு மீறிப் பெரியவை" என்ற வாக்கியத்தை அதனால் நான் ஏற்பதில்லை.

கடைசியாக, தரவு. தாராளமாகப் பார்க்கலாம், இலவசம்தான். ஜேம்ஸ் வெப்பின் எல்லாத் தரவும் மாஸ்ட் என்ற காப்பகத்தில் இருக்கிறது. சில திட்டங்களில் ஒரு காலம் வரை எடுத்தவருக்கு மட்டும், அப்புறம் எல்லோருக்கும். சீயர்ஸ் போன்ற ஆரம்பகாலத் திட்டங்களில் முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும். மூலத் தரவைச் சுத்தம் செய்யும் வேலை ஆரம்பத்தில் தலைசுற்ற வைக்கும், எனவே கோபன்ஹேகனில் உள்ள காஸ்மிக் டான் மையம் நடத்தும் டான் ஜேம்ஸ் வெப் காப்பகத்திலிருந்து தொடங்குங்கள். சுத்தம் செய்த நிறமாலைகள் ஆயிரக்கணக்கில் அங்கே இருக்கின்றன. நடுத்தரப் பிரிதிறனில் எடுத்த, செம்பெயர்ச்சி 5-க்கு அருகே இருக்கும் ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். பைத்தானில் ஹெச்-ஆல்ஃபாவையும் 500.7 ஆக்சிஜன் கோட்டையும் அலைநீளத்துக்குப் பதில் வேகத்தை அச்சாக வைத்து ஒன்றன்மேல் ஒன்று வரையுங்கள். முதலில் இரண்டுக்கும் ஒரே அகலமுள்ள ஒற்றை மேட்டைப் பொருத்திப் பாருங்கள். ஹெச்-ஆல்ஃபாவின் அடிப்பகுதியில் இருபுறமும் ஒளி மிச்சம் நின்றால், அதற்கு மட்டும் அகலமான இரண்டாவது மேடு ஒன்றைச் சேருங்கள். அந்த மேட்டின் அகலம் விநாடிக்கு ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டி வந்தால், பக்கத்தில் 658.3-இல் இருக்கும் நைட்ரஜன் கோடு ஏமாற்றவில்லையா என்று சரிபார்த்துவிட்டு, அதே பொருளைப் பற்றி வெளியான கட்டுரையில் கொடுத்திருக்கும் எண்ணோடு உங்களுடையதை ஒப்பிடுங்கள்.